மாத்திரை என்றால் அளவு

மாத்திரை என்னும் சொல்லுக்குத் தமிழிலக்கணம் தந்துள்ள பொருள் யாது? அளவு! கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஒலியைக்கூட அளந்து வைத்தவன் தமிழன். அந்தப் பெயரையே மருந்துக்கும் சூட்டினோம். பெயரிலே அளவு இருக்கிறது. விழுங்குவதிலோ அளவு இல்லை! மூட்டுவலிக்காரர் வீடுதோறும் நான் காணும் காட்சி இது.

அணுபுரத்தில் குடியிருப்பவன் நான். கல்பாக்கத்து அணு ஆற்றல் நிலையங்களில் பணியாற்றுவோர் வாழும் ஊர் இது. கதிர்வீச்சுள்ள இடத்திலே பணிபுரியச் செல்லும் நண்பர்கள் மார்பிலே ஒரு சிறு அட்டையை அணிந்து செல்வர். உடலில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது காட்டும். கணக்கு ஏட்டில் ஏறும். எல்லைக்குள்ளேயும், எவ்வளவு குறைத்திட இயலுமோ அவ்வளவு குறைத்திடுக என்பது அத்துறையின் நெறி. நல்ல நெறி! ஆனால், தோழர்களே, அதே நண்பர் மாலையிலே வீடு திரும்புகிறார்; அன்னையின் முழங்கால் வலிக்கு மருந்துக் கடையிலே ‘ஒரு செட்’ கேட்கிறார். காகிதப் பொட்டலத்திலே வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, குட்டியாய் ஒன்று. பெயர் என்ன? தெரியாது. எத்தனை மில்லிகிராம்? தெரியாது. எத்தனை நாளைக்கு? வலி போகுமட்டும்! நிலையத்திலே அளவறிந்து நடக்கும் அறிவு, வீட்டு வாசலிலே செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறதே, ஏன்?

வலி தணிக்கும் இம்மருந்துகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் 1899இல் சந்தைக்கு வந்தது. அது வேலை செய்யும் விதத்தை ஆங்கிலேய அறிஞர் ஜான் வேன் விளக்கியதோ 1971இல். அந்த ஆய்வுக்காக 1982இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டது இது: உடல் தானே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் மூட்டிலே வீக்கத்தையும் வலியையும் மூட்டுகின்றன, ஆஸ்பிரின் அவற்றின் சுரப்பைத் தடுக்கிறது. டைக்குளோபினாக்கும் இபுபுரோபனும் அதே வழியில் நடப்பவைதாம். ஆனால், அப்பொருள்களுக்கு வேறு தொழிலும் உண்டு. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரித்திடாமல் காப்பவை அவை; சிறுநீரகத்துக்குக் குருதி குறையாமல் ஓடச் செய்பவையும் அவையே. கள்வனைப் பிடிக்க வந்தவன் காவற்காரனையும் சேர்த்துக் கட்டிப்போட்டால் வீடு என்னாகும்?

என் பெரியம்மாவுக்கு ஆனது போல் ஆகும்! நாற்பதாண்டுக் காலம் நடவு வயலிலே குனிந்து நின்றவர்; எழுபதைத் தாண்டியதும் முழங்கால்கள் மக்கர் செய்தன. பக்கத்துக் கடையிலே பொட்டலம் வாங்கி உண்டார், மூன்று திங்கள். முதல் வாரத்திலேயே எழுந்து நடந்தார்; ஊரே வியந்தது. பிறகு ஒரு நாள் மலம் கறுத்துப் போயிற்று; மறுநாள் கிணற்றடியிலே மயங்கி விழுந்தார். செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க அம்மா?” என்றார் மருத்துவர். “பேர் யாருக்குத் தெரியும் தம்பி, வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு” என்றார் பெரியம்மா. இரைப்பையிலே புண், அதிலிருந்து குருதிக் கசிவு. முன்பின் அறியாத எவரோ ஈந்த குருதி ஏற்றப்பட்டுப் பிழைத்தார். குட்டி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும் என்றார் மருத்துவர். வலிமருந்தோடு அது சேரும்போது புண்ணுக்கு வழி இன்னும் அகலமாகிறது. நெடுநாள் உண்டபின் அதனைத் திடீரென நிறுத்துவதும் தீங்கு. மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்திட வேண்டும்.

“வயிறு கெடும் என்றுதானே ஊசி போட்டுக் கொள்கிறோம்” என்பாரும் உளர். இம்மருந்து இரைப்பையைக் கெடுப்பது குருதி வழியாகவும்தான். வாய்வழி புகுந்தாலும் ஊசிவழி புகுந்தாலும் ஆபத்து ஆபத்தே!

சிறுநீரகத்தின் கதையைச் சொல்ல, பக்கத்திலுள்ள திருக்கழுக்குன்றத்துக்கு வாருங்கள். நண்பகலிலே இரு கழுகுகள் குன்றின்மேல் வந்து அர்ச்சகர் கையால் உணவு உண்ணும். சாபம் பெற்ற முனிவர்கள் என்றனர். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நாள்தோறும் பறப்பதாகக் கதைத்தனர். 1990களின் இறுதியில் வருகை நின்றது; கலி முற்றிற்று என்றனர்! அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்துப் பறவைகள். அந்த இரண்டின் முடிவை இம்மருந்தோடு நான் முடிச்சுப் போடேன். உடலை அறுத்துப் பாராமல் நோயைச் சொல்வது சோதிடம். ஆனால், பாகிஸ்தானிலே இறந்து வீழ்ந்த வெண்முதுகுப் பாறுகளை அறுத்துப் பார்த்தனர். அவற்றின் சிறுநீரகம் பழுதுபட்டு, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெள்ளை மாவாய்ப் படிந்திருந்தது. டைக்குளோபினாக் செலுத்தப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்றதே காரணம் என 2004இல் ஆய்வு வெளிவந்தது. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டதால், 2015இல் மனிதருக்கான ஊசிமருந்துக் குப்பியும் 3 மில்லி லிட்டர் அளவுக்குக் குறுக்கப்பட்டது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

பறவையின் சிறுநீரகம் வேறு, நம்முடையது வேறு. மாட்டின் இறைச்சியில் தங்கிய சிறு அளவே அதனைக் கொன்றது, நம்மை அவ்வாறு கொல்லாது. எனினும் நம் சிறுநீரகமும் தளர்ந்து நிற்கும் வேளைகள் உண்டு. வெயிலிலே வேர்த்துக் களைத்து நீர் வற்றியபோது, வாந்திபேதி கண்டபோது, சிலவகை இரத்த அழுத்த மாத்திரையும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் உண்ணும்போது. அவ்வேளையிலே வலிமருந்தும் சேர்ந்தால் தாங்காது.

“புதிய மருந்து வந்துவிட்டது, வயிற்றை ஒன்றும் செய்யாது” என்று விளம்பரம் செய்வோரையும் நம்பிவிடாதீர். இரைப்பைக்கு நல்லது என்று 1999இல் ரோபிகாக்சிப் வந்தது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிப்பதாகத் தெரிந்து, 2004 செப்டம்பரில் ஆக்கிய நிறுவனமே அதனை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இதயத்துக்கு இடர் என்னும் எச்சரிக்கை இன்று இவ்வகை மருந்துகளில் பலவற்றுக்கும் உண்டு.

அப்படியானால் வலியைப் பொறுத்துக் கிடப்பதா? கூடாது! வலி முன்வினைப் பயன் என்று சொல்லிப் பாட்டியரை மூலையிலே உட்கார வைத்தது போதும். வலி தீர்ப்பது மருத்துவத்தின் கடமை. வலி தீரப் பெறுவது நோயாளியின் உரிமை. ஆகவே முறையோடு உண்ணுக என்கிறேன். சிறுநீரகத்துக்கும் இந்நெறியே: வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள். கதிரை அளப்பது போல் மருந்தையும் அளந்திடுக!

பெயரில்லா மாத்திரையைத் தொடாதீர். மருந்துச் சீட்டின்றி விற்கலாகாதவை என்பதற்கு அட்டையிலே சிவப்புக் கோடு இருக்கும், கண்டு கொள்வீர். முழங்காலுக்கு ஒன்று, தலைவலிக்கு மற்றொன்று என்று ஒரே இனத்து மருந்து இரண்டை ஒருசேர உண்ணாதீர்; வணிகப் பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது உறவுக்காரன். உணவுக்குப்பின் உண்பது நன்று. அதனால் மட்டும் ஆபத்து அகன்றுவிடாது. முதியோருக்கும், முன்பு புண் கண்டவருக்கும் அமிலம் குறைக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துத் தருவார். இதயநோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய், குருதி உறையாமைக்கான மருந்து, கருவுற்ற நிலை — இவற்றை மறைக்காமல் சொல்லுக. மலம் கறுத்தல், சிறுநீர் குறைதல், கால்வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைக.

மூட்டுவலி எல்லாம் ஒரே நோயுமன்று. தேய்மானத்தால் வரும் வலிக்குத் தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சியும், எடை குறைப்பும், மேலே பூசும் களிம்பும் பெருந்துணை. காலையிலே விரல் மூட்டுகள் வீங்கி நெடுநேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு நோயையே அடக்கும் மருந்து வேறு. வலியை மட்டும் மறைத்துக் கொண்டிருந்தால் மூட்டு உள்ளேயே உருக்குலையும்.

இளைஞர்காள்! குன்றத்துக் கழுகைக் கேள்வி கேட்ட நீங்கள், கூடத்து அலமாரியையும் கேள்வி கேட்க வேண்டாமா? இன்றிரவே பாட்டியின் மாத்திரை டப்பாவைத் திறவுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் தமிழிலே ஒரு தாளில் எழுதுங்கள். பெயரில்லாதது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 2021இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டு வரும் அம்மையாரிடம் அத்தாளைக் காட்டுங்கள். அரசு மருத்துவரிடமும் எடுத்துச் செல்லுங்கள். கேட்டால் கோபிப்பாரோ என்று அஞ்சாதீர். கேள்விக்குக் கோபிக்காததுதான் அறிவியல்!