கொழும்பில் ஏறினால் டிக்கெட் குறையுமா? ஒரு திண்டிவனத்து வாத்தியாரின் கணக்கு

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் விலை மாறும் என்று விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி. அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. பெட்ரோல் அதே பெட்ரோல், வண்டி அதே வண்டி. நடுவில் ஒரு எல்லைக்கோடு, அவ்வளவுதான்.

ரயிலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தெற்கே போகும் ரயிலில் விழுப்புரத்திலிருந்து முன்பதிவு செய்தால் வெயிட்டிங் லிஸ்ட் வரும். சென்னை எழும்பூரிலிருந்து எடுத்தால் உறுதியான படுக்கை கிடைக்கும். புறப்படும் ஊருக்கு ஒதுக்கீடு அதிகம் என்பதே காரணம். அதனால் எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தை விழுப்புரம் என்று மாற்றிக்கொள்வார்கள். நூறு, இருநூறு ரூபாய் கூடுதல்தான். ஆனால் ராத்திரி தூக்கம் நிச்சயம்.

விமானத்திலும் பயணம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. அதுவும் நூறு, இருநூறு அல்ல, லட்சக்கணக்கில். திண்டிவனத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இதைத் தன் 67-வது வயதில்தான் தெரிந்துகொண்டார்.

மகளின் பிரசவமும் மனைவியின் முழங்காலும்

வாத்தியாரின் மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வந்தாக வேண்டும். வாத்தியாரின் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதல் பிரசவத்துக்குப் போய் வந்தபோதே கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் இறங்கினார். இந்த முறை மனைவியைக் கால் நீட்டிப் படுக்கவைத்துத்தான் கூட்டிக்கொண்டு போவது என்று வாத்தியார் முடிவு செய்தார். விழுப்புரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அக்கா மகனிடம் பிசினஸ் கிளாஸ் விலை கேட்டார். கேட்டதும் போனை மேசையில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். "மாமா, பிளேன் டிக்கெட்ட கிலோமீட்டர் கணக்குல விக்கிறதில்ல. எந்த ஊர்ல ஏறுறீங்கன்னு பாத்துதான் விலை வைக்கிறான். சென்னைய விடுங்க, கொழும்புல ஏறினா என்ன விலைன்னு பாருங்க" என்று செல்போனைக் காட்டினான்.

கணக்கு வாத்தியாருக்கு அதை நம்பவே முடியவில்லை. சென்னையிலிருந்து கிளம்புபவரும் கொழும்பிலிருந்து கிளம்புபவரும் தோஹாவில் இறங்கி, நியூயார்க்குக்கு ஒரே விமானத்தில் ஏறுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஒரே சாப்பாடு, ஒரே போர்வை. விலை மட்டும் வேறா?

ஏன் இந்த வித்தியாசம்?

விமான நிறுவனங்கள் தூரத்தைப் பார்த்து மட்டும் விலை வைப்பதில்லை. அந்த ஊரில் யார் வாங்குவார்கள், எவ்வளவு கொடுப்பார்கள், எதிரில் எத்தனை போட்டியாளர்கள் என்று பார்த்தே வைக்கின்றன. சென்னையைச் சுற்றி ஶ்ரீபெரும்புதூர், ஒரகடத்தில் கார் தொழிற்சாலைகள், பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐ.டி. நிறுவனங்கள். அங்கிருந்து பிசினஸ் கிளாஸில் பறப்பவர்களில் பலருக்கு டிக்கெட் பணம் கம்பெனியுடையது. கேட்ட விலை கிடைக்கிற ஊரில் யார் குறைப்பார்கள்?

கொழும்பு சிறிய சந்தை. கம்பெனிச் செலவில் பறப்பவர்கள் குறைவு. ஆனால் கத்தார், துபாய், அபுதாபி, சிங்கப்பூர், இஸ்தான்புல் என்று பல ஊர் விமானங்கள் அங்கே இறங்குகின்றன. முன்வரிசை இருக்கைகள் காலியாகப் பறப்பதைவிட, குறைந்த விலைக்கு விற்பது அவர்களுக்கு லாபம். எகிப்தின் கெய்ரோவும் நார்வேயின் ஆஸ்லோவும்கூட இந்த விஷயத்தில் பயணிகளிடையே பேர் போன ஊர்கள்.

இன்னொரு காரணம், நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் நினைத்த ஊருக்கு, நினைத்த எண்ணிக்கையில் இந்தியாவுக்குப் பறந்துவிட முடியாது. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்று வரம்பு உண்டு. அதைக் கூட்டச் சொல்லி துபாய் தரப்பு பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. இருக்கை குறைந்தால் விலை ஏறும். இது கோயம்பேடு தக்காளிக்கும் பொருந்தும், ஆகாய விமானத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, வரி. திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் போவது ஜி.எஸ்.டி. சாலையில். அது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. வழியில் ஆத்தூர், பரனூர் இரண்டு இடங்களில் சுங்கம். மீனம்பாக்கத்தில் காத்திருப்பது இன்னொரு ஜி.எஸ்.டி. இந்தியாவில் தொடங்கும் விமானப் பயணத்துக்கு எகானமி டிக்கெட்டில் 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 12 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 12, 18 ஆகிவிட்டது. கட்டணம் 3 லட்சம் ரூபாய் என்றால் வரி மட்டும் 54,000. கொழும்பில் தொடங்கும் பயணத்துக்கு இந்த வரி இல்லை. இலங்கையின் புறப்பாட்டு வரி உண்டு, அது டிக்கெட் விலையிலேயே சேர்ந்துவிடும்.

லண்டன் தமிழர்களுக்கும் இது புதிதல்ல. பிரிட்டனிலிருந்து கிளம்புகிற பயணிகளுக்கு 1994 முதல் தனி வரி உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில், இந்தியா அளவு தூரத்துக்கு எகானமியில் 90 பவுண்டு, மேல் வகுப்பில் 216 பவுண்டு. அதைத் தவிர்க்க அயர்லாந்தின் டப்ளினுக்குப் போய் அங்கிருந்து பயணத்தைத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள்.

நோட்டில் ஏறிய கணக்கு

வாத்தியார் நோட்டை எடுத்தார். விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், உதாரணத்துக்கு முழு எண்களாகவே போட்டார்.

ஒருவருக்குப் போக வர சென்னையிலிருந்து 4,20,000. கொழும்பிலிருந்து 3,00,000. வித்தியாசம் 1,20,000. அக்கா மகன் சிரித்தான். வாத்தியார் சிரிக்கவில்லை. "இருடா, கழித்தல் பாக்கி இருக்கு" என்றார்.

விழுப்புரம் சென்னைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத்துச் சொச்சம்தான். அதற்குப் போக வர 22,000 என்று எழுதினார். பிசினஸ் கிளாஸில் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி விடுவார்கள். ஆனால் திருச்சி டிக்கெட்டில் அவ்வளவு எடை விடமாட்டார்கள். மகளுக்குப் போகிற வடகம், பருப்புப் பொடி, பிரசவ லேகியம் எல்லாவற்றுக்கும் கூடுதல் எடைக் கட்டணம் 10,000. போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி தங்க, ஆளுக்கு 6,000. இலங்கைக்குள் நுழையும் அனுமதி, வண்டி, சாப்பாடு 6,000. கார்டில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டினால் வங்கி பிடிப்பது 3 சதவீதம் என்று வைத்து 9,000. மொத்தம் 53,000.

1,20,000-ல் 53,000 போக, கையில் நிற்பது 67,000. இரண்டு பேருக்கு 1,34,000.

இதே கணக்கை எகானமிக்கும் போட்டுப் பார்த்தார். அதில் வித்தியாசம் பத்துப் பதினைந்தாயிரம் என்று வைத்தால், திருச்சி டிக்கெட்டுக்கே அது போதாது. பெட்ரோல் போடுவதற்காக மட்டும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வண்டி ஓட்டிப் போவது போல. மிச்சம் பிடித்தது வழியிலேயே எரிந்துவிடும். சாதாரண டிக்கெட்டைவிட விலை உயர்ந்த டிக்கெட்டுக்கே இந்த வழி சரிப்படுவதன் ரகசியம் இதுதான்.

ரயில் புத்தி விமானத்தில் செல்லாது

"அப்போ கொழும்பு டிக்கெட்ட எடுத்துட்டு, நேரா தோஹாவுல போய் ஏறிக்கிட்டா? எழும்பூர் டிக்கெட்ல விழுப்புரத்துல ஏறுற மாதிரி" என்று வாத்தியார் கேட்டார். அக்கா மகன் பதறிவிட்டான். "அய்யோ மாமா, அத மட்டும் செஞ்சிடாதீங்க!"

விமானத்தில் முதல் துண்டுப் பயணத்துக்கு வராவிட்டால் மீதி டிக்கெட் முழுக்கத் தானாக ரத்தாகிவிடும், திரும்பி வருவதும் சேர்த்து. திரும்பும்போதும் கொழும்பில் முடிகிற டிக்கெட்டைப் பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பெட்டி கொழும்புக்குப் போய்விடும். விமான நிறுவனத்தின் விதியை மீறியதாகவும் ஆகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பது. திருச்சி விமானம் தாமதமாகி, கொழும்பு விமானம் போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இது விழுப்புரம் மாவட்டத்துக்கு வெறும் பேச்சல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையிலேயே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் பயணம் வைப்பவர்கள் கொழும்பில் ஒரு ராத்திரி தங்குவது சொகுசு அல்ல, காப்பீடு. பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும் என்பதால், இலங்கைக்குள் நுழையும் அனுமதியும் தேவை. அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

அத்தை கேட்ட ஒரு கேள்வி

இவ்வளவையும் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாத்தியாரின் மனைவி, காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "மிச்சம் மிச்சம்னு சொல்றீங்களே, போன தடவை போன மாதிரி சாதா டிக்கெட்ல போனா எவ்வளவு?"

ஒருவருக்கு ஒன்றேகால் லட்சம் என்றான் அக்கா மகன்.

"அப்போ இது மிச்சம் இல்ல தம்பி. செலவு."

வாத்தியார் நோட்டைப் பார்த்தார். பதில் இல்லை. நாலு லட்சத்து இருபதாயிரத்தோடு ஒப்பிட்டால் மிச்சம், ஒன்றேகால் லட்சத்தோடு ஒப்பிட்டால் செலவு. தள்ளுபடி விற்பனையில் புடவை எடுக்கப் போகிற எல்லோரும் மறக்கிற கணக்கு இது. இந்த வழியால் மிச்சப்படுவது, எப்படியும் பிசினஸ் கிளாஸில்தான் போவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும்தான்.

படுத்துக்கொண்டு போனால் காலில் ரத்தம் கட்டாது என்றான் அக்கா மகன். அதுவும் முழு உண்மை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்த உறைவு ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. ஆனாலும் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான். காரணம் அசையாமல் இருப்பது. அது விமானம், பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விலை உயர்ந்த இருக்கையிலும் எழுந்து நடக்காவிட்டால் அதே ஆபத்துதான்.

"போன தடவை நீ எழுந்து நடந்தியா?" என்று வாத்தியார் மனைவியிடம் கேட்டார்.

அவர் நடக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. ஜன்னல் ஓரத்து இருக்கை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் தூங்குகிற இரண்டு பேரை எழுப்ப வேண்டும். முழங்கால் மடங்காது, ஆங்கிலம் வராது. நமக்கு எதற்கு என்று தோஹாவிலிருந்து நியூயார்க் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

வாத்தியார் நோட்டை மூடினார். "செலவுதான். இருக்கட்டும்" என்றார்.

எல்லோருக்கும் அதே பதில் இல்லை

அவர்கள் திருச்சி வழியாகக் கொழும்பு போனார்கள். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கிளம்பினார்கள். போன முறை ஜன்னல் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்த அம்மா, இந்த முறை யாரையும் எழுப்பாமல் நான்கு முறை எழுந்து போய்வந்தார். கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தார். நியூ ஜெர்சியில் மகள் முதலில் பார்த்தது அம்மாவின் காலைத்தான். செருப்பு காலில் இருந்தது.

இப்போது திண்டிவனத்தில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் வாத்தியாரைத் தேடி வருகிறார்கள். "சார், கொழும்பு டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அவர் விலையைச் சொல்வதில்லை. எதிர்க் கேள்விதான் கேட்கிறார். யார் போகிறார்கள், வயது என்ன, எத்தனை பெட்டி, தேதி மாற வாய்ப்பு உண்டா?

தேதி மாறலாம் என்றால், ஒன்றுக்கு இரண்டாக டிக்கெட்டை மாற்றிச் செலவு செய்ய வேண்டாம், சென்னையிலேயே ஏறுங்கள் என்கிறார். வயதானவர் தனியாகப் போகிறார் என்றாலும் அதே பதில். வீல்சேர் உதவி பணம் கொடுக்காமலே கிடைக்கும், எழுந்து நடக்க நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். கால் வலிக்கிறவர், துணையோடு போகிறவர், ஒரு நாள் அவகாசம் உள்ளவர் என்றால் மட்டும், உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறார்.