பொருந்தாத வரிகள்

2004 டிசெம்பர் 26 இன் சுனாமிக்குப் பின்னர் அம்பாறைக் கரையோர முகாம்களில் செய்தி சேகரித்தபோது, வீடிழந்த குடும்பங்களின் விபரங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். குடும்பத் தலைவரின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம். பல ஆண்டுகளின் பின்னர், வீடு பெற்றோரின் பட்டியலொன்று எனக்குக் கிடைத்தது. என் கொப்பியில் உள்ளவர்களுள் விடுபட்டோர் எவர் என்று அறிய விரும்பினேன்.

புள்ளிவிபரவியல் கற்ற என் பெறாமகள் இரண்டையும் கணினியில் ஏற்றினாள். 'ஆர்' என்னும் நிரல்மொழியில் 'மேர்ஜ்' என்றொரு கட்டளை உண்டு. இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவான ஒன்றைத் திறவுகோலாகக் கொடுத்தால், அது வரிகளைப் பொருத்தி ஒன்றாக்கும்.

முதலில் பெயரைக் கொடுத்தோம். 'சண்முகம்' என்பவரும் 'ஷண்முகம்' என்பவரும் நமக்கு ஒருவர், கணினிக்கு இருவர். மாறாக, ஒரே பெயரில் கொப்பியில் இருவரும் பட்டியலில் மூவரும் இருந்த இடத்தில் ஆறு வரிகள் வந்தன.

பின்னர் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தோம். விடை ஒழுங்காகவே தோன்றியது. ஆனால், நான் நேரில் சென்று பார்த்த புதுவீட்டின் உரிமையாளரான மூதாட்டி அதில் இல்லை! காரணம் பிறகு விளங்கியது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். அம்மூதாட்டி இடையில் அட்டையைப் புதுப்பித்திருந்தார். பழைய இலக்கத்தின் முன்னால் 19 ஐயும் ஐந்தாம் இலக்கத்தின் பின் ஒரு 0 வையும் சேர்த்து, எழுத்தை நீக்கினோம். மூதாட்டி வந்து சேர்ந்தார்.

"இவ்வளவு பேர் விடுபட்டதை இது ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"பொருந்தாதவர்களை அது தானாகவே விட்டுவிடும், சித்தப்பா. எல்லாரும் வேண்டுமென்று நாங்கள்தான் கேட்க வேணும்" என்றாள்.

கேட்டோம். கொப்பியில் இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள், வெற்றுக் கட்டங்களுடன் வந்தனர். நான் தேடியது அவர்களைத்தான். பொருந்தியோரை மட்டும் வைத்து எழுதியிருந்தால், வீடில்லாதவர் எவருமில்லை என்றே என் கட்டுரை சொல்லியிருக்கும்.

எனினும், வெற்றுக் கட்டம் வீடில்லாமைக்குச் சான்றாகாது. வீடு மனைவியின் பெயரில் இருக்கலாம். நான் இலக்கத்தைப் பிழையாக எழுதியிருக்கலாம். அதைக் கணினி அறியாது. வாசலில் நின்று கேட்கத்தான் வேண்டும். அந்த வரிகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டேன். நாளை கல்முனைக்கு பஸ் ஏறுகிறேன்.