கம்பியும் கவ்வாத்துக் கத்தியும்

பெப்ரவரி 4, 2024, ஞாயிறு

காவத்தைப் பக்கம் றப்பர் மலைகள் மொட்டையாக நிற்கின்றன. இலை கொட்டினால் பாலும் குறைவு, வெட்டுக்காரருக்கு வருமானமும் குறைவு. போன மழையில் கானோரக் கல்லிடுக்கிலிருந்து எடுத்து, போன்சாயாக வளர்க்கச் சட்டியில் வைத்த என் அரசங்கன்றும் இலையை உதிர்க்கிறது. எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்று மறைப்பில்லாமல் தெரிவது இந்த நாட்களில்தான். துளிர் வெடிக்குமுன் கம்பி கட்டிவிட வேண்டும்.

சட்டிக்கு அடியில் மாணிக்கக் குழியில் அரித்துக் கழித்த சரளை, அதன் மேல் மணலும் மட்கிய இலையும். இரத்தினபுரி மாவட்டத்து மழைக்கு, நீர் வடியாத சட்டியில் எந்த வேரும் தாங்காது.

பெப்ரவரி 10, சனி

வயரிங் வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பியை உறை உரித்துத் தணலில் போட்டேன். சிவக்கக் காய்ந்து ஆறிய செம்பு விரலுக்கு இணங்கும். வளைக்க வளைக்க மறுபடி விறைக்கும். கிளையைப் பிடித்து நிறுத்துவது அந்த விறைப்புத்தான். கிளைத் தடிப்பில் மூன்றிலொரு பங்கு கம்பி போதும்.

எதிரெதிர்ப் பக்கத்துக் கிளைகள் இரண்டுக்கும் ஒரே கம்பி. நடுத்தண்டில் ஒரு சுற்றுப் போட்டால் ஒன்றின் இழுவை மற்றதை அசைக்காது. 45 பாகைச் சாய்வில், நெருக்காமல், கணுவின் மேல் ஏறாமல் சுற்றினேன். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி இருந்தால் பட்டை பிளக்காது. பச்சைக் கிளை எளிதில் தாழ்ந்தது. முற்றிய அடிக்கிளையைக் கொஞ்சமே தாழ்த்தினேன். அதற்கு மேல் அழுத்தினால் முறியும்.

அப்பா வாசல் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்கத் தேயிலையில் கவ்வாத்து வெட்டியவர். “ஏன் புள்ள இவ்வளவு கட்டுற? எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கத்துக் கண்ணுக்கு மேல வெட்டு. அது தானா போகும்.”

பெப்ரவரி 23, வெள்ளி, நவம் போயா

இன்று கத்தியும் எடுக்கவில்லை, கம்பியும் தொடவில்லை. மேல் வீட்டுச் சிங்கள அக்கா விகாரைக்குப் போகிற வழியில் சட்டியைப் பார்த்து நின்றார். போதிக்குக் கம்பியா என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. கல்லிடுக்கில் இருந்திருந்தால் சுவரைக் காப்பாற்ற யாராவது பிடுங்கியிருப்பார்கள் என்றேன். அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதியின் கிளைகளையும் பொற்பூச்சுத் தாங்குகோல்கள்தானே ஏந்துகின்றன என்று அவரே சொல்லி, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அவர் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அரசைத் தொடுகிறவர் அதை நினைத்துக்கொண்டே தொட வேண்டும்.

மார்ச் 9, சனி

துளிர் வந்துவிட்டது! செம்பு நிறத் தளிர், நீண்ட வால் நுனி. சட்டியில் வேர் அடங்கியதால் இலையும் சிறுத்திருக்கிறது. இனித் தண்டு வேகமாகப் பருக்கும். தினமும் கம்பியடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 30, சனி

அடிக்கிளையில் கம்பி பட்டையைத் தொட்டு அழுத்தத் தொடங்கியிருந்தது. சுற்றைப் பிரித்தால் கிளை நோகும் என்பதால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தேன். பச்சைக் கிளை தாழ்ந்த நிலையிலேயே நின்றது. முற்றியது பாதி எழும்பிவிட்டது. அதற்கு மறுபடி கம்பி போடும் எண்ணம் இல்லை.

அரசை ஜப்பானியப் பைன் போல வளைத்து முறுக்கும் படங்களைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. விரிந்து கவிகிற மரம் இது. அந்தக் கவிவைத்தான் சட்டிக்குள் கொண்டுவர வேண்டும். தென்சீனத்து லிங்நான் மரபினர் கம்பியைக் குறைத்து, வெட்டி, வளரவிட்டு, மறுபடி வெட்டி உருக் கொடுக்கிறார்கள். அப்பா சொன்னது அதேதான். விட்டால் முப்பது அடி வளரும் தேயிலையை இந்த மலைகளில் இடுப்பளவில் நிறுத்தி, தலையைப் பரப்பி வைத்தது எங்கள் ஆட்களின் கத்தி. போன்சாய் பேசும் இடங்களில் அந்தக் கைகளையும் ஆசான்கள் என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 20, சனி

சித்திரைக் கொண்டாட்டம் முடிந்து, அப்பாவிடமே கத்தியைக் கொடுத்தேன். கண்ணுக்குச் சற்று மேலே, மழைநீர் வழியும்படி சாய்வாக ஒரே இழுப்பு. பால் வடிந்தது. ஈரத்துணியால் ஒற்றினேன். எல்லாக் கிளையையும் வெட்டவில்லை. “ஒண்ண மூச்சுக்கு விடணும். கீழ்நாட்டுச் செடிக்கு வேர்ல சத்து கம்மி. மொத்தமா மொட்டையடிச்சா செத்துப் போவும்,” என்றார். தேயிலைக்கான விதி அது. அரசுக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் சட்டிக்குள் வேர் சுருங்கிய கன்றுக்கு அந்த ஒரு கிளை நல்லதுதான்.

வெளிப்பக்கம் பார்த்த மூன்று கண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். தென்மேற்கு மழை இறங்குமுன் சட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும்.