வாவிக்கரைப் பயணம் – 4: நன்றி முதல், கேள்வி மறுகா

மட்டக்களப்பில், கல்லடிப் பழைய பாலத்தடியில் தோணி காத்திருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் இரவு, ஒன்பது மணி. 1924இல் திறந்த இரும்புப் பாலம் இது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபின் இரைச்சலெல்லாம் அங்கே போய்விட்டது. என்னைக் கூட்டிவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பதை நெருங்குபவர், புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர். "நடுவில இரிங்க மனே, தோணி சாயும்" என்றார்.

துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல்நுனியைக் காதில் வைத்து, பாடும் மீனின் ஒலி என்று சொல்லப்படும் வாவியின் ஒலியைக் கேட்பது இங்கே பழைய வழக்கம். 1848இல் இந்த ஒலியைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டுக்கு மீனவர்கள் காட்டியது மீனை அல்ல, ஊரி நத்தையை. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கக் குருவானவர் லாங் வாவியின் ஒலியைப் பதிவுசெய்தார், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. கடல் கடந்து வேதம் சொல்ல வந்தவர், இந்த ஊர் தனக்குச் சொல்வதையும் கேட்க நினைத்திருக்கிறார். நன்றியுணர்வு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இதைத்தான் முதலில் காட்டுவேன்.

காலையில் காந்தி பூங்காவில் வில்லியம் ஓல்ட்டின் சிலைமுன் நின்றிருந்தேன். 1813 டிசம்பர் இறுதியில் மெதடிஸ்த திருச்சபையார் கப்பலில் புறப்பட்டார்கள். வழியில் ஓல்ட்டின் மனைவி நடுக்கடலில் இறந்தார். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் 1814 மே 3ஆம் திகதி கடலிலேயே காலமானார். எஞ்சியவர்களில் பலர் ஜூன் 29இல் இலங்கையில் கரையேறினார்கள். ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், 1815 ஏப்ரல் 1இல் இறந்துபோனார். மட்டக்களப்பில் அவர் இருந்தது சுமார் எட்டு மாதம்தான். அவர் தொடங்கிய பள்ளி இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் இந்தக் கரையில் தினமும் எதற்கு நன்றி சொல்லியிருப்பார்? சிலையடியில் எழுந்த இந்தக் கேள்வியைத்தான் தோணியில் ஆசிரியரிடம் கேட்டேன்.

"எங்கட பாதர்மாருக்கு அதுக்கு ஒரு முறை இரிக்கி" என்றார்.

அவர் சொன்னது, புனித மிக்கேல் கல்லூரியை நடத்திய இயேசு சபையாரின் ஆன்ம சோதனையை. புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548இல் அச்சேறிய நூல். அதில் இந்தச் சோதனைக்கு ஐந்து படிகள். அன்றைய குற்றங்களைத் தேடுவது முதற்படியாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதே முதற்படி. அருள் கேட்பது, எழுந்த நேரத்திலிருந்து மணிக்கணக்காக நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் உறுதி எல்லாம் பிறகுதான். நன்றிகெட்ட மனதையே பாவங்களின் வேராகக் கண்டவர் இஞ்ஞாசியார். வெளியூரில் வாழ்பவருக்கு இந்த வரிசை எவ்வளவு பெரிய துணை! அந்நிய மண்ணில் குறைகள்தான் முதலில் கண்ணில் படும்: மொழி பிடிபடாது, வெயில் சுடும், கடிதம் வராது. அவற்றுக்கு முன்னால் ஒரு நன்மையைத் தேடியே ஆகவேண்டும் என்றால், சுற்றியிருப்பவர்களை உற்றுப் பார்க்காமல் முடியாது.

பிரெஞ்சுக் குருமாருக்குப் பின் இங்கு வந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினர். அவர்களுடைய லூசியானாவும் சதுப்பும் இறாலும் நண்டும் நெல்லும் உள்ள பூமி. புயலும் அங்கே புதிதல்ல. 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபோது அவர்களும் இங்கே இருந்தார்கள். பென் மில்லர் 1948இல் வந்தார், 2019 புத்தாண்டு நாளில் மட்டக்களப்பிலேயே கண்மூடினார். எழுபது ஆண்டுகள். போர்க்காலத்தில் காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்காகப் பேசினார், அதிகாரிகளின் வாசலில் நின்றார்.

அவரோடு அதே 1948இல் வந்த யூஜின் ஹெபர்ட் பற்றிச் சொல்லும்போது ஆசிரியர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். கூடைப்பந்து பழக்கியவர், தொழிற்பயிற்சி நிலையம் நடத்தியவர். 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளம்பிய அவரும் உடன்வந்த இளைஞரும் வந்துசேரவில்லை. இன்றுவரை தடயமில்லை.

"ஒவ்வொரு ஆகஸ்ட் பதினஞ்சும் படுக்கக்குள்ள முதல்ல அவர் வந்ததுக்கு நன்றி சொல்லுவன். மறுகா, அவர் எங்க எண்டு கேப்பன்."

"நன்றி சொன்ன பிறகும் கேட்பீர்களா ஐயா?"

"நன்றி சொன்னா கேள்வி போயிருமா மனே? நன்றி இரிக்கிறதாலதானே கேக்கன்."

நான் பேசவில்லை. துன்பத்தை மூடிவைக்கும் துணியாக நன்றியைப் பலர் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊருக்கு அது செல்லாது. 1990இன் வன்முறையையும் 2004 கடற்கோளையும் 2019 உயிர்த்த ஞாயிறில் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பையும் கண்ட ஊர் இது. இங்கே நன்றி சொல்பவர்கள் எதையும் மறந்துவிட்டுச் சொல்லவில்லை.

அவர் துடுப்பை மறுபடி நீரில் இறக்கி, நுனியை என் காதுப்பக்கம் திருப்பினார். முதலில் என் நாடித்துடிப்புதான். பிறகு மிக அடியில் மெல்லிய அதிர்வு ஒன்று, விட்டு விட்டு.

"கேக்குதா?"

"ஓம்."

"இண்டைக்கு என்ர நன்றி அதுக்குத்தான்," என்றார். "காத்து இல்ல பாருங்க."