அந்த 32 கிலோ எங்கிருந்து வந்தது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்கள். விமானம் கட்டிப் பார்!

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ரிட்டயரான வாத்தியார், பல் டாக்டர், தபால்காரர் எல்லாம் வீட்டு கார் ஷெட்டில் விமானம் கட்டுகிறார்கள். மரப்பெட்டி மரப்பெட்டியாகப் பாகங்கள் வந்து இறங்கும். அலுமினியத் தகடுகள், ஆயிரக்கணக்கில் ரிவெட்டுகள், தலையணை தண்டிக்கு ஒரு வரைபடக் கட்டு. பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர் ஆசாமிகள்தான் செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். காசு கொடுத்து முழுசாகக் கட்டி வாங்கிக்கொண்டு "நான் கட்டியது" என்று மீசையை முறுக்க முடியாது.

இந்த ஆசாமிகளெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை, ஜூலை கடைசியில் கூடுகிற ஊர் ஆஷ்காஷ். விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ ஏரிக்கரையில் இருக்கிறது. யாரோ தும்மிய மாதிரிப் பெயர். ஆபீஸ் வேலையாக ஒரு மாதம் சிகாகோவில் மாட்டிக்கொண்ட என்னை அங்கே இருக்கும் நண்பன் காரில் தள்ளிக்கொண்டு போனான். மூன்று மணி நேரம் சோளக்காடு, மாட்டுப் பண்ணை, மறுபடி சோளக்காடு.

"டேய், திருவிழான்னு சொன்னே? ஒரு ஈ காக்காயைக் காணோம்."

"மேலே பாருடா" என்றான்.

பார்த்தேன். தலைக்கு மேல் வரிசையாக விமானங்கள் வந்துகொண்டிருந்தன, எறும்பு ஊர்கிற மாதிரி. ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற குக்கிராமம் வரை ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டுமாம். ஃபிஸ்க்கில் தரையில் நின்றபடி பைனாகுலரில் பார்த்து ரேடியோவில் கூப்பிடுகிறார்கள்: "நீல விமானம், இறக்கையை ஆட்டு!" பைலட் வாயைத் திறக்கக் கூடாது. இறக்கையை ஆட்டினால் போதும், நம் ஊர் மாடு தலையாட்டுகிற மாதிரி. ஓடுபாதையில் கலர் கலராகப் பெரிய புள்ளிகள் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குப் பச்சைப் புள்ளியில் இறங்கச் சொன்னால், அடுத்தவருக்கு ஆரஞ்சுப் புள்ளி. அந்த ஒரு வாரம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வந்து இறங்கும் விமானங்கள் சுமார் பத்தாயிரம்!

1953-ல் மில்வாக்கியில் பால் பொபரெஸ்னி என்ற பைலட் நாலு நண்பர்களைச் சேர்த்து ஆரம்பித்த சங்கம்தான் இதற்கெல்லாம் மூலம். 1970-லிருந்து திருவிழா ஆஷ்காஷில்தான் நடக்கிறது. 2014-ல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கையிலேயே ரிவெட் துப்பாக்கியைக் கொடுத்து, ஒரே வாரத்தில் ஒரு கிட் விமானத்தைக் கட்டி முடித்துக் காட்டினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தால் ஒரு வாரம். தனியாக இழுத்தால்?

"ஒம்பது வருஷம்" என்றார் அந்தப் பெரியவர்.

புல்வெளியில் வரிசையாக நிறுத்திய விமானங்களுக்கு நடுவே அவருடையது என் கண்ணில் பட்டதற்குக் காரணம் இருக்கிறது. மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ட். குனிந்து பார்த்தால் வயிற்றுப் பக்கம் வெறும் அலுமினியம், எவர்சில்வர் பாத்திரம் மாதிரி. இறக்கை நிழலில் ஒரு கூடாரம், இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி.

"பெயின்ட் தீர்ந்து போச்சா ஸார்?" என்றேன், நாக்கைக் கட்ட முடியாமல்.

"பெயின்ட் நிறைய இருக்கு. எடைதான் தீர்ந்து போச்சு" என்றார். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் புல்லிலேயே உட்கார்ந்தோம்.

எடை என்பது இந்த ஆசாமிகளின் ஜாதகம். மிகச் சின்ன ரகத்தைப் பாருங்கள். ஒரே ஒருவர் உட்காரும் அல்ட்ராலைட்டுக்கு அமெரிக்காவில் லைசென்ஸும் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம். ஆனால் காலி எடை 254 பவுண்டைத் தொடக் கூடாது. அதாவது சுமார் 115 கிலோ. ஏறக்குறைய ஒரு ஸ்கூட்டரின் எடையில் எஞ்சின், இறக்கை, வால், சக்கரம் எல்லாம்! பெட்ரோலும் 5 காலன்தான், சுமார் 19 லிட்டர். எடை கொஞ்சம் கூடினாலும் அது அல்ட்ராலைட் இல்லை, விமானம். எண் வாங்கு, லைசென்ஸ் எடு.

பெரியவருடையது அதைவிடப் பெரிது, இரண்டு பேர் அருகருகே உட்காருகிற ரகம். கிட் கொடுத்தவர்கள் சொன்ன உச்ச எடை 500 கிலோ. காலி விமானம் 280 கிலோ வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். டாங்க்கை நிரப்ப 60 லிட்டர் பெட்ரோல், அது 43 கிலோ. அவர் 84, மனைவி 62. மிச்சம் 31 கிலோவுக்கு மூட்டை முடிச்சு, கூடாரம், தின்பண்டம். தேன் மாதிரிக் கணக்கு.

ஒன்பதாவது வருஷம் தராசில் ஏற்றினார். மூன்று சக்கரத்துக்கு மூன்று தராசு. ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, கொத்தனார் மாதிரித் தூக்குக்குண்டு கட்டி அளக்க வேண்டும். எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. அது முன்னாலா பின்னாலா, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. வால் பக்கம் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். வேகம் குறைந்து நிலை தடுமாறினால் மீள்வது கஷ்டம்.

மூன்று தராசையும் கூட்டினார். 312 கிலோ!

"அந்த 32 கிலோ எங்கிருந்து வந்துதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றார். "யாரும் கொண்டுவந்து வெக்கலை. நானேதான் கால் கிலோ, அரைக் கிலோவா ஏத்தியிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்துது."

இரண்டாவது திரை, முதலாவது பழுதானால் என்ன செய்வது என்று. இரண்டாவது பாட்டரி, அந்தத் திரைக்காக. சத்தம் கேட்கக் கூடாதென்று உள்ளே பஞ்சுத் தடுப்பு. தரைக்குக் கார்ப்பெட். துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ளேயும் ஒரு பூச்சு. எல்லாவற்றுக்கும் மேல் பட்டி!

பட்டி என்றால் நம் பெயின்டர்கள் சுவருக்குப் பார்ப்பார்களே, அதே பட்டிதான். எஞ்சினை மூடுகிற ஃபைபர் கிளாஸ் கூடு ஊசி ஊசியாய் ஓட்டையோடு வருகிறது. பட்டி பார், உப்புத்தாள் போட்டுத் தேய், வெளிச்சத்தில் பார், இன்னும் நாலு ஓட்டை, மறுபடி பட்டி. அவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இதிலேயே போயிற்று. தேய்த்தது போக மிஞ்சியதெல்லாம் எடை. அப்புறம் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி. அது அக்ரிலிக். குளிரில் துளை போட்டால் டிக்கென்று ஒரு விரிசல் ஓடும். அத்துடன் புது மூடிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான். "தொண்ணூறு சதவிகிதம் முடிஞ்சுது, இன்னும் தொண்ணூறு சதவிகிதம் பாக்கி" என்பது இவர்கள் வட்டாரத்துப் பழைய ஜோக். கட்ட ஆரம்பித்தவர்கள் சிரிப்பார்களாம். முடிக்கப் போகிறவர்கள் சிரிப்பதில்லையாம்.

"மேல் பூச்சுதானே, அழகுக்குத்தானே?" என்று நண்பன் கேட்டான்.

பெரியவர் முகம் மாறியது. "இந்த ஏர்போர்ட் பேரு என்ன தெரியுமா?"

ஸ்டீவ் விட்மன். 1931 முதல் 1969 வரை இந்த விமான நிலையத்தின் மேனேஜர். ரேஸ் பைலட். சொந்தமாக விமானங்கள் வடிவமைத்துக் கட்டிய மேதை. 1995 ஏப்ரலில், 91 வயதில், தானே கட்டிய விமானத்தில் மனைவியுடன் ஃப்ளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குக் கிளம்பினார். அலபாமா வானத்தில் விமானம் உடைந்து விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள். காரணம் தேடியவர்கள் கண்டது எஞ்சின் கோளாறு இல்லை. இறக்கை மேல் ஒட்டிய துணி ஓர் இடத்தில் சரியாக ஒட்டாமல், பின் விளிம்பில் பிரிந்துவிட்டது. அதில் இறக்கை படபடவென்று அதிர ஆரம்பித்து முறிந்திருக்கிறது.

"அவருக்கே அப்படின்னா நாம எம்மாத்திரம்?" என்றார் பெரியவர். வால் பக்கத்து அசையும் தகடுகளில் பெயின்ட் ஒரு கோட் கூடினால்கூடச் சமநிலை மாறி அதே அதிர்வு வரலாம். அதனால் பெயின்ட் அடித்தபின் மறுபடி சமன் பார்க்க வேண்டும். அழகு, பத்திரம் என்று இரண்டு தனி டப்பா இல்லை.

சரி, 312-க்கு வருவோம். 500-ல் 312 போனால் 188. பெட்ரோல் போக 145. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து 146! ஒரு கைக்குட்டைகூட எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் அந்த ராத்திரி வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி இந்த ரக விமானத்துக்குக் கட்டியவர்தான் தயாரிப்பாளர். உச்ச எடை இவ்வளவு என்று காகிதத்தில் எழுதுவதும் அவரே. 500 என்பதை 530 என்று எழுதினால் போலீஸ் வராது. "பலரும் எழுதறாங்கப்பா" என்று பக்கத்து ஷெட்காரர் ஆசை காட்டியிருக்கிறார். இவர் சமையலறை மேஜையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"இறக்கைக்குப் படிக்கத் தெரியுமா?"

தெரியாது. 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை சுமப்பது இரண்டு மடங்கு. காகிதத்தில் கூட்டிய 30 கிலோ அங்கே 60 கிலோ. ஓடுபாதை கூடுதலாக வேண்டும், மேலே ஏறுவது மந்தமாகும், இறங்கும்போது வேகம் அதிகம் வேண்டும். பேனா தூக்கும், இறக்கை தூக்க வேண்டுமே!

பேனாவை மூடினார். மறுநாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இரண்டாவது திரை, பாட்டரி, கார்ப்பெட், பஞ்சு எல்லாம் வெளியே. கடைசியாக ஸீட் உறை.

"அது நான் தைச்சது" என்றார் அந்த அம்மாள். நல்ல தோலில், ஒரு குளிர்காலம் முழுக்க, கையால். "ரெண்டும் சேர்ந்து மூணு கிலோ. நான் தைச்சது வெளியே போகணும், இல்லே நான் வெளியே நிக்கணும். ஒம்பது வருஷம் என் காரைப் பனியிலே நிறுத்தியிருக்கேன், நானா நிப்பேன்? நானே கத்தரிக்கோலை எடுத்தேன்."

இப்போது ஸீட்டில் மெல்லிய கான்வாஸ் துணி. தோல் உறை வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் இருக்கிறதாம். மொத்தம் 11 கிலோ இறங்கியது. மீதியைப் பெரியவர் தன் தொப்பையிலிருந்து கொடுத்தார், 6 கிலோ. "அதுதான் இருக்கறதுலேயே கஷ்டமான பார்ட்" என்றார் அம்மாள். தனியாளாக 40 மணி நேரம் சோதனை ஓட்டம் ஓட்டி முடித்தபிறகுதான் மனைவியை ஏற்றினார்.

நானும் மனக்கணக்குப் போட்டேன். 500-ல் 301 போக 199. பெட்ரோல் 43, அவர் 78, அம்மாள் 62. மிச்சம் 16 கிலோ. கூடாரம், நாற்காலி, போர்வை எல்லாம் அதற்குள். எங்களுக்குக் காபி கொடுக்க அவர்களிடம் மூன்றாவது டம்ளர் இல்லை. அவர் டம்ளரிலேயே மாற்றி மாற்றிக் குடித்தோம்.

இரண்டு வாரம் கழித்து நான் ஊர் திரும்ப சிகாகோ ஏர்போர்ட்டில் நின்றேன். பெட்டிக்கு 23 கிலோ. என் பெட்டி 24.4. கவுன்ட்டர் பெண் புருவத்தைத் தூக்கினாள்.

"ஒன்றரை கிலோகூட இல்லையேம்மா..." என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன்.

மூடிக்கொண்டேன். பெட்டியைத் திறந்து, மானேஜருக்கு வாங்கிய பெரிய சாக்லேட் டின்னை எடுத்து நண்பன் கையில் கொடுத்தேன். இங்க்ரிமென்ட் போனால் போகட்டும், இறக்கைக்குப் படிக்கத் தெரியாதே!