பத்து நிமிடத்தில் மறைந்த சோர்வு

எங்கள் உம்மம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு பழகிப்போன ஒன்று. வயசுக்கோளாறு என்றே இருந்தோம். ஒருநாள் சோறு பிசைந்த வலது கை திடீரெனச் சோர்ந்தது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட, தைலம் போதும் என்றார். சாச்சி விடவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஈ.சீ.ஜீ. பார்த்த டாக்டர் சொன்னார்: இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்தால் இரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆபத்து சுமார் 5 மடங்கு. மறைந்துபோனதும் எச்சரிக்கைதானாம். உறைவதைத் தடுக்கும் குளிசை தொடங்கினார்கள்.

சகோதரிகளே, வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணிநேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டாக்டர் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள்.