முதல் மழையும் அதற்குப் பின்னும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிச் செல்பவர் கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் ஊர்களைக் கடந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவர். தூரம் எட்டு ஒன்பது கிலோமீற்றர்தான். பெயரே ஒரு மடத்தைச் சுட்டுகிறது. ஆயினும் இன்று இளைப்பாறுவதற்காக எவரும் இங்கு இறங்குவதில்லை. காய்கறிச் சந்தைக்கு வருவோர் சிலர். 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பெண்கள் கல்லூரிக்கு வருவோர் சிலர். வானளாவ நிற்கும் ஆஞ்சநேயர் சிலையைத் தரிசிக்க வருவோர் சிலர். நாம் புரட்டாதிக் கடைசி வாரத்தில் அங்கு சென்றது இவற்றுள் எதனையும் நாடியன்று. பருவத்தின் முதல் மழையை அவ்வூர்க் கமக்காரர் எவ்வாறு எதிர்பார்க்கின்றனர், அதன் பின் வரப்போகும் காலநிலையை எவ்வாறு கணிக்கின்றனர் என்பதை அறியவே சென்றோம்.

குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அது மாரியில் மட்டும் ஆறு, கோடையில் வெறும் பெயர். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் கிணற்றையே நம்பியிருக்கிறோம். கிணறோ மழையை நம்பியிருக்கிறது. நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சித் தன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேக்கி வைக்கிறது. அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதங்கள் பொய்த்தால் அடுத்த ஆவணி வரை அதன் துன்பத்தைச் சுமக்க வேண்டியதுதான்.

நாம் சென்றபோது சோளகக் காற்று ஓய்ந்திருந்தது. ஆனியிலும் ஆடியிலும் இரவு பகலாகச் சலசலத்த பனையோலைகள் அசைவற்றுத் தொங்கின. செம்மண் தோட்டங்கள் பொடியாகக் காய்ந்து கிடந்தன. புழுக்கம் தாங்கவில்லை. மேற்கே வழுக்கையாற்றுப் பக்கத்து வயல்களில் புழுதி விதைப்பு நடந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணை உழுது நெல்லை விதைத்துவிடுவது எம்மவரின் வழக்கம். நெல் புழுதிக்குள் உறங்கிக் கிடக்கும். மழை வந்து எழுப்பும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு சிறு மழை வந்து நெல்லை எழுப்பிவிட்டு, பின் பத்துப் பதினைந்து நாள் வெயில் எறித்தால் முளை கருகிவிடும். விதையும் போம், உழுத கூலியும் போம், மறுபடி விதைக்கக் கடன் வாங்க வேண்டும்.

சந்தையருகில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கமக்காரரைக் கண்டோம். "ஐயா, முதல் மழை எப்ப வரும்?" என்று வினவினோம். அவர் சிரித்தார்.

"முதல் மழையை ஆர் மாஸ்ரர் கணக்கெடுக்கிறது? அது எட்டிப் பாத்திட்டுப் போற விருந்தாளி. ரெண்டாம் மழைதான் வீட்டுக்காரன். முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் இடையில எத்தனை நாள் எண்டு சொல்லுங்கோ, நான் உங்களுக்கு ஒரு பிடி வெங்காயம் சும்மா தாறன்."

விதைநெல்லில் பாதியை மட்டுமே விதைத்துவிட்டு, மிகுதியை வீட்டில் வைத்திருப்பதாகவும் அவர் கூறினார். வானிலை நூல்கள் பலவற்றைப் புரட்டிய எமக்கு, இதைவிடத் தெளிவாக இவ்விடயத்தைச் சொன்னவர் ஒருவரும் நினைவில் இல்லை.

ஊரார் அறிந்த குறிகள் பல. எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறும். தும்பி தாழப் பறக்கும். மாலையில் அடிவானத்தில் மின்னும். இவையெல்லாம் காற்றின் ஈரத்தையும் அண்மையிலுள்ள முகிலையும் காட்டுவன. சில மணி நேரத்துக்கே உதவும். அடுத்த கிழமையைப் பற்றி எறும்புக்கு ஒன்றும் தெரியாது.

நெடுநாட் கணிப்புக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. மார்கழியின் பிற்பாதியில், சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் பதின்மூன்று பதினான்கு நாள்களைக் கர்ப்போட்ட காலம் என்பர். அந்நாள்களில் வானத்தில் ஓடும் முகிலைப் பார்த்து, வரும் ஆண்டின் மழையைச் சொல்வது மரபு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சங்கிதையும் முகில் கருக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. கருக்கொண்ட நாளிலிருந்து 195ஆம் நாள் மழை என்பது அதன் கணக்கு. மாணவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். டிசெம்பர் 29 இலிருந்து 195 நாள் சென்றால் ஜூலை 12 வரும். வட இந்தியாவில் அது அடைமழைக் காலம். மருதனார்மடத்திலோ சோளகம் புழுதியை வாரி இறைக்கும் காலம். ஓரிடத்துக்கு வகுத்த கணக்கை வேறோரிடத்துக்கு அப்படியே கொண்டுவர இயலாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? நூலை நாம் பழிக்கவில்லை. வானத்தை நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கத்தை அது தந்தது, அதுவே பெரிது.

இக்கால அறிவியல் என்ன சொல்கிறது? பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் ஒரு மழையைக் கண்டவுடன் பருவம் தொடங்கிவிட்டது என்று சொல்வதில்லை. தென்மேல் பருவக்காற்று விலகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் கீழைக்காற்று நிலைத்து வீச வேண்டும். அக்காற்று ஒன்றரைக் கிலோமீற்றர் உயரம் வரை நிறைந்திருக்க வேண்டும். கரையோரத்தில் மழை பரவலாகப் பெய்ய வேண்டும். ஒக்டோபர் 10 இற்கு முன் அவர்கள் அறிவிப்பதில்லை. சராசரி நாள் ஒக்டோபர் 20. விருந்தாளியையும் வீட்டுக்காரனையும் பிரித்தறியும் முறை இதுவே அன்றோ!

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் இதே காலத்தை வேறு பெயரால் அழைக்கிறது. ஒக்டோபரும் நவெம்பரும் அதன் கணக்கில் இரண்டாம் இடைப்பருவம். டிசெம்பரில்தான் வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்குகிறது. கொழும்பிலிருந்து நோக்கினால் அது பொருத்தமே. எமக்கோ தலையாய மழை "இடைப்பருவம்" என்னும் பெயரில் வந்து போகிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆயினும் பாடப்புத்தகத்தில் இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை சற்றுக் குழம்பத்தான் செய்யும்.

இந்த இரண்டு மாதங்களில் வரும் மழையும் ஒரே வகையினதன்று. தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் மாலை இடிமழை. நிலம் சூடேறி, முகில் ஓங்கி, ஓர் ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும். உரும்பிராயில் வெள்ளம் ஓட, மருதனார்மடத்தில் தூசி பறக்கும். பின்னர் வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும்போது வருவதே நின்று பெய்யும் மழை. அத்தாழமுக்கத்தை இக்காலத்துக் கணினிகள் நாலைந்து நாள் முன்னரே ஓரளவு நன்றாகக் காண்கின்றன. இரண்டு மூன்று வாரத்தை முன்னோக்குவதற்கு, 1971இல் மடென், ஜூலியன் என்னும் இருவர் கண்டறிந்த அலைவு உதவுகிறது: முகிற்கூட்டம் ஒன்று முப்பது முதல் அறுபது நாள்களுக்கு ஒரு முறை இந்து சமுத்திரத்தைக் கிழக்கு நோக்கிக் கடக்கிறது. அது எம்மை அணுகினால் மழைக்கு வாய்ப்பு மிகும். கடந்து சென்றால் வெயிலுக்கு வாய்ப்பு மிகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமிழில் வெளியிடும் முன்னறிவிப்புகளைப் பலர் கைத்தொலைபேசியில் படித்துவருகின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றம். மாகாணம் முழுவதற்கும் ஒரே வாக்கியம் என்ற நிலை கமக்காரருக்குப் போதாது.

மழை வருகிறதா என்பது மட்டுமன்றி, எப்படி வருகிறது என்பதும் கேள்வியே. 2008ஆம் ஆண்டு நவெம்பர் 25ஆம் திகதி, நிஷா சூறாவளியின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் பெய்தது. ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு! சுண்ணாம்புக்கல் எவ்வளவுதான் குடிக்கும்? பெருந்தொகை நீர் வீடுகளுக்குள் புகுந்து, பின் கடலுக்கு ஓடிற்று. அதே அளவு இருபது நாளில் பெய்திருந்தால் கிணறுகள் நிறைந்திருக்கும். இதற்கு மாறாக 2016இல் பருவமழை பொய்த்து, தமிழ்நாடும் இலங்கையும் அடுத்த ஆண்டில் கடும் வரட்சியை அனுபவித்தன.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. எம்மவரின் பிள்ளைகள் பலர் இப்பொழுது டொரன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். நாம் மழையை எதிர்நோக்கும் நாள்களில் அவர்கள் முதற் பனிவீழ்ச்சியை எதிர்நோக்குகின்றனர். "அங்கே பனி விழுவதில்லையா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டாம். விழுகிறது என்றே சொல்லலாம்! ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றருக்கு மேலே எமது வானமும் உறைநிலைதான். ஓங்கிய இடிமுகிலின் உச்சியில் பனிப்பளிங்குகளே இருக்கின்றன. கீழே வரும் வழியில் உருகி மழையாகின்றன. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்று பாட்டிமார் காட்டும் வட்டமும், மெல்லிய உயர்முகிலின் பனிப்பளிங்குகளில் ஒளி முறிவதால் தோன்றுவதே. கோட்டை கட்டினால் மழை என்பதில் ஓரளவு உண்மையுண்டு. தாழமுக்கத்துக்கு முன்னோடியாக அம்முகில் பரவுவது உண்டு.

இசை பயிலும் மாணவர் நிறைந்த ஊர் இது. ஆதலால் எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடி மழை பெய்வித்த கதையையும் அங்கு நினைவுகூர்ந்தோம். நாம் இருந்த மாலையில் எவரும் அதைப் பாடக் கேட்கவில்லை.

இனி மாணவர்களுக்கு ஒன்று. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்புத் தோட்டம் ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 6,300 லீற்றருக்கு மேல் நீர் கிடைக்கிறது. இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நேரான சுவருள்ள ஒரு தகரப்பேணியும் ஓர் அடிமட்டமும் போதும். மரநிழலும் கூரையும் படாத இடத்தில் பேணியை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளந்து குறித்துவிட்டு, நீரை ஊற்றிவிட வேண்டும். மழை பெய்யாத நாளிலும் சைபர் என்று எழுதத் தவறலாகாது. முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் இடையே நின்ற நாள்களைக் காட்டுவன அந்தச் சைபர்களே. இணுவிலிலும் உடுவிலிலும் சுன்னாகத்திலும் உரும்பிராயிலும் பாடசாலைக்கு ஒரு பேணி வைத்து ஐந்தாறு ஆண்டு எழுதி வருவார்களாயின், அந்த ஏடுகளைக் கேட்டு முன்னறிவிப்போரே வந்து நிற்பர். வைப்பதானால் புரட்டாதி முடியுமுன் வைத்துவிட வேண்டும்.